ஐயர் பங்களா ஆடுகள்

எங்கள் சபையில் யாராவது ஐயரைக் குறை சொன்னால், அந்தக் குறை மறுநாள் விடியும்போது ஓர் ஆடாக வந்து ஐயர் பங்களா வாசலில் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள். அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். அந்த ஐயரம்மா நான். என் பேர் எப்சிபாய், என் கணவர் பேர் ஏசுவடியான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், வந்து நிற்கிற ஆடுகளும்.

ஆறுதல்புரத்துக்கு மாற்றலாகி நாங்கள் வந்தது மே மாத வெயிலில். எங்களுக்கு முன் இருந்த ஐயரம்மா சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். புறவாசல் வேப்பமரத்தடியில் இரண்டு ஆடுகள் நின்றன.

"இது எங்களுக்கு வந்தது. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நல்ல காத்தடிச்சா போயிரும்" என்றாள்.

சொன்னபடியே ஆனிக் காற்றில் அவை போய்விட்டன. அதற்குள் எங்களுடையவை வர ஆரம்பித்திருந்தன.

ஒரு குறை யாருடையது என்று கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. சொன்னவருடைய சாடை ஆட்டின் முகத்தில் இருக்கும். என்ன குறை என்பது அது போய் நிற்கிற இடத்தில் தெரியும். சபைச் செயலாளர் தவசிமுத்து வாத்தியாரின் ஆடு வந்ததும் வராததுமாகக் கூடத்துக்குள் ஏறி, சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு கனைக்கும். பிரசங்கம் நீளம் என்று பொருள். ராஜபுஷ்பம் அக்காவின் ஆடு நேரே அடுப்படிக்கு வந்து காப்பிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஐயர் வீடு சந்திக்கப் போனபோது கீழத்தெருவில் எல்லா வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு, அக்கா வீட்டில் மட்டும் தண்ணீர் போதும் என்றுவிட்டாராம்.

மறுநாள் அக்காவைத் தெருவில் பார்த்தேன்.

"ஐயரம்மா, நம்ம ஆடு வந்து சேந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"தின்னுதா?"

"இல்லக்கா."

"ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. புது இடம்லா."

தின்பதும் தின்னாததும்தான் விஷயம். பொய்யான குறை தின்னாது. என்னதான் பச்சையாக நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளாக நாளாக எடை குறைந்து, தோய்த்துக் காயப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும். பிறகு தேரிக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசும் ஒரு நாளில் எழும்பிப் போய்விடும். சில சமயம் அதிக தூரம் போகாது. மேலத்தெரு பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர் ஒரு தடவை போன் செய்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க ஆடு ஒண்ணு எங்க கூரையில கெடக்கு. அனுப்பி வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம், தானாகப் போய்விடும் என்றேன்.

உண்மையான குறை தின்னும். ஆனால் யாரைப் பற்றிய குறையோ அவர் கையால் கொடுத்தால்தான் தின்னும். ஆசாரி லாசருவின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவள் பேரைச் சொல்ல ஐயர் மறந்துவிட்டார். மறுநாள் வந்த ஆடு ஐயர் நீட்டின அகத்திக் குழையை இலையும் காம்புமாகத் தின்றது. ஐயர் அன்றைக்கே லாசரு வீட்டுக்குப் போய், "மறந்துட்டேன் லாசரு, என் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகும் அந்த ஆடு கொஞ்ச நாள் இருந்து, வயிறு நிறைந்து, வந்த வழியே திரும்பி நடந்து போயிற்று. லாசரு வீட்டில் அது இன்றைக்கும் பால் கொடுக்கிறது.

குறை சொன்னவர் நினைத்தால், தன் வீட்டு நடையை விட்டு இறங்கும் முன் அதற்குக் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொள்ளலாம். அப்படி யாராவது செய்ததாக நான் அப்போது கேள்விப்பட்டதில்லை.

ஐயர் தினமும் விடியும் முன் எழுந்து ஜெபம் பண்ணுவார். பிறகு ஒரு கட்டு அகத்திக் குழையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். வந்திருக்கிற ஒவ்வோர் ஆட்டின் முன்னும் குனிந்து, குழையை நீட்டி, கொஞ்ச நேரம் காத்திருப்பார். கடிகாரத்து ஆடானாலும் சரி, காப்பிச்சட்டி ஆடானாலும் சரி, ஒன்றையும் தாண்டிப் போகமாட்டார்.

"பாத்தாலே தெரியலயா, இது தின்னாதுன்னு" என்று நான் சொல்வேன்.

"கேக்காம எப்படித் தெரியும் எப்சி" என்பார்.

ஒரு நாள் வந்த ஆடு என் சாடையில் இருந்தது. முந்தின நாள் பாத்திரம் கழுவும்போது, ஊருக்கெல்லாம் பேசுகிறவர் வீட்டில் வாய் திறப்பதில்லை என்று முணுமுணுத்திருந்தேன். ஐயர் அதற்கும் குழை நீட்டினார். அது ஒரு கட்டு முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் எதிர்பார்த்து நின்றது. அன்று மத்தியானம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, தான் சின்ன வயதில் பனங்கிழங்கு திருடின கதையைச் சொன்னார்.

மகள் பியூலா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்வாள். "அம்மா, இன்னைக்கு ஆடு எப்படி?"

"வாசல் நடை கொள்ளல."

"அப்போ அப்பா பிரசங்கம் நல்லா இருந்துருக்கும்."

அசனப் பண்டிகை வந்தால் இன்னும் அதிகம். ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாள் அது. சோறு குழைந்துவிட்டது என்று சில, கறித்துண்டு சின்னது என்று சில, ஐயர் முதல் பந்தியில் உட்கார்ந்தார் என்று சில, உட்காராமல் பெருமை காட்டினார் என்று சில. மாடிப்படியில் ஏற வழியிருக்காது. நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போவேன். என் மனது வலிக்கும். அவர் மனது வலிக்கவில்லையா என்றால், வலிக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்குவதில் தெரியும். ஆனாலும் காலையில் குழைக்கட்டோடு போய்விடுவார்.

இப்படித்தான் நாங்கள் இருந்தோம், அந்த ஐப்பசி மாதம் வரை.

ஜெனிட்டா எங்கள் சபைப் பெண். புருஷன் ஸ்டீபன் மஸ்கட்டில் இருக்கிறான். கலியாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லை. அவள் தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்தே மூச்சு இழுத்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் ஐயருக்குப் போன் செய்தாள். பிள்ளைக்கு இப்போதே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், பேர் இல்லாமல் போய்விடக்கூடாது என்றாள்.

அப்போது சபைக் கமிட்டி நடந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் கட்டின ஒலிபெருக்கி எந்தத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பேச்சு. ஐயர் நடுவில் எழுந்து போனால் அதற்கும் பேசுவார்கள். "முடிவு ஜெபம் பண்ணிட்டு இந்தா வந்துட்டேன்மா" என்று சொல்லி வைத்தார். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவைப் பார்த்து இருக்கட்டும் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவைப் பார்த்து இருக்கட்டும் என்றார்கள். முடிவு ஜெபத்துக்கு வெகு நேரமாயிற்று.

ஐயர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டது.

மறுநாள் மழையில் அடக்கம் செய்தோம். பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஐயரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்தார். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். பெட்டிக்கு மட்டும்தான் குடை போதுமாக இருந்தது.

அதற்கு மறுநாள் அவர் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து வாசலில் போய் நின்றார். கையில் வைத்திருந்த அகத்திக்கட்டு அன்றைக்குப் பெரியது.

ஆடுகள் வந்தன. ஒலிபெருக்கியை மேலத்தெருப் பக்கம் திருப்பியது சரியில்லை என்று மேலத்தெருவிலிருந்து ஒரு கூட்டம், திருப்பினது போதாது என்று கீழத்தெருவிலிருந்து ஒரு கூட்டம். எல்லாம் மாடிக்குப் போய்க் காதை விறைத்துக்கொண்டு நின்றன. பிள்ளை விஷயமாக ஒன்றும் வரவில்லை. ஊரில் அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. தேவ சித்தம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெனிட்டாவின் ஆடு வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. ஐயர் வாசலில் நின்றபடி அவள் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் குழை வாடிப்போகும். மழையில் கதவு இறுகிவிட்டதோ என்று வெளிக்கதவைத் திறந்தபடியே வைத்தார். மற்ற ஆடுகளுக்கும் நீட்டினார், ஆனால் கண் அங்கே இருக்காது. தவசிமுத்து வாத்தியாரின் ஆடு ஒரு நாள் கனைத்துக் கனைத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே படியிறங்கிப் போய்விட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லாசரு வீட்டுப் பேரனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையைக் கையில் வாங்கினார், தண்ணீரில் கையை விட்டார், விட்ட கையை எடுக்கவில்லை. சபை எழுந்து நின்றபடியே நின்றது. கடைசியில் பக்கத்து ஊரான கண்டாங்குளத்து ஐயருக்குச் சொல்லி அனுப்பி, அவர் மோட்டார் சைக்கிளில் வந்து அந்த ஞானஸ்நானத்தை நடத்தி வைத்தார். மறுநாள் இதற்கென்று வந்த ஆடுகள் சுற்றுச்சுவர் ஓரம் வரை நின்றன. ஐயர் ஒவ்வொன்றுக்கும் நீட்டினார். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்றன.

அன்று அவர் என்னிடம், "ஊழியத்த விட்டுருதேன் எப்சி. பேராயருக்குச் சொல்லிருவோம்" என்றார்.

"எதுக்கு?"

"அந்த ஆடு வராம நான் எப்படிப் பீடத்துல ஏறுவேன்? மத்தவங்க சொல்லுத எல்லாத்தையும் வாங்கிட்டேன். சொல்ல வேண்டியவ ஒண்ணும் சொல்லல. என்னய அவ குத்தம் சொல்லக்கூடத் தகுதியில்லாதவன்னு நெனச்சுட்டாளோ என்னவோ."

நான் எழுந்து உள்ளே போனேன். அடுப்படியில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, அந்த ஒரு ஆட்டை அனுப்பிவிடும் என்று கேட்டேன். என்ன ஜெபம் இது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் அதைத்தான் கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை பேராயர் அலுவலகத்துக்குப் போவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு ஜெனிட்டா வீட்டுக்குப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே ஏதோ தரையை உதைக்கிற சத்தம் கேட்டது. அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"வாங்க ஐயரம்மா."

தொட்டில் கட்டியிருந்த உத்திரத்துக்கு நேர் கீழே, ஜன்னல் கம்பியில் ஆடு கட்டியிருந்தது. அவ்வளவு பெரிய ஆட்டை எங்கள் வாசலில் நான் பார்த்ததில்லை. கறுப்பு. நிமிர்ந்தால் கொம்பு ஜன்னலின் மேல்கட்டையைத் தொடும். ஆனால் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. கயிறு உரசி உரசிக் கழுத்தில் முடி போயிருந்தது. அதன் முன்னால் அகத்தி, முருங்கை, வேம்பு, பலாக் குழை, ஊறவைத்த பிண்ணாக்கு எல்லாம் இருந்தன. ஒன்றிலும் வாய் வைக்கவில்லை.

"எப்போ வந்தது?"

"பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்தேம்லா, அப்பமே வந்துட்டு. விடியட்டும்னுகூட நிக்கல."

"தின்னலயா?"

"என் கையால தின்னாதுல்லா."

"அப்போ அனுப்பியிருக்கலாமே ஜெனி. ஐயா தெனமும் வாசல்ல நிக்கிறாங்க. இதுக்குத்தான் நிக்கிறாங்க."

அவள் ஆட்டின் கழுத்தில் கயிறு உரசின இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "அனுப்ப முடியல ஐயரம்மா" என்றாள். நான் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஐயரிடம் சொன்னேன். "வந்திருக்கு. அவ கட்டிப் போட்டுருக்கா."

பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் இரத்தம் ஓடியதைப் பார்த்தேன். அகத்தி மரத்தில் கைக்கு எட்டின கிளையையெல்லாம் ஒடித்தார். செருப்புப் போட மறந்து தெருவில் இறங்கினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலே ஓடினேன்.

அவரைப் பார்த்ததும் ஆடு எழுந்து நின்றது. அவர் குனிந்து ஒரு கைப்பிடி குழையை நீட்டினார். அது முகர்ந்து பார்த்தது. பிறகு தின்றது. காம்பு, இலை, ஒன்றையும் விடாமல் மெதுவாகத் தின்றது. அவர் ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "என் தப்புதாம்மா" என்றார். "எந்திரிச்சு வந்துருக்கணும். ஒரு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பாத்தா என்ன? எந்திரிச்சு வந்துருக்கணும்."

ஜெனிட்டா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா ஐயா" என்றாள்.

அவர் அடுத்த கைப்பிடியை நீட்டினார். ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடியும் நீட்டினார். பக்கம் மாறி நின்று நீட்டினார். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து நீட்டினார். அது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத்தான வந்தது?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் கொஞ்சம் இருந்துது ஐயா. அதத் தின்னுட்டு."

"மிச்சம்?"

"மிச்சம் உங்களுக்கு இல்ல." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க ஓடி வந்துருந்தாலும் பேரு வச்சிருப்பிய. மூச்சு குடுத்திருப்பியளா?"

அவர் நீட்டின குழையை மடியில் வைத்தார்.

"எத்தன வருசம் கேட்டேன். கோயில் வாசல் கல்லு தேய நின்னு கேட்டேன். தரலேன்னா தரலேன்னு இருந்துருக்கலாம்லா. தந்துட்டு..." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அப்போதுதான் நான் கவனித்தேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும்.

"கயித்த அவுத்தா நேரா அங்க போயிரும் ஐயா. அதான் கட்டிப் போட்டுருக்கேன். அவரக் குத்தம் சொல்லலாமா? சொல்லக்கூடாதுல்லா? பயமா இருக்கு. இதுவும் தின்னாம சாகுது. எனக்குப் பாக்கப் பொறுக்கல."

ஐயர் வெகு நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலிருந்த குழையை ஒரு கோழி வந்து கொத்தியது. அவர் அதை விரட்டவில்லை.

"என் வாசலுக்கு வந்த எதையும் நான் வெரட்டுனதில்லம்மா" என்றார். "காப்பிக்கு வந்தது, கடிகாரத்துக்கு வந்தது, ஒண்ணையும் வெரட்டல. நான் வேலைக்காரன். நானே வெரட்டலன்னா எசமான் வெரட்டுவாரா?"

"தின்னலேன்னா?"

"தெரியாதும்மா."

"தின்னுட்டுன்னா?"

"அதுவும் தெரியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சில் கை வைத்தாள். மழையில் இறுகிப்போயிருந்தது. ஐயரும் கை கொடுத்தார்.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்க இருந்திய?" என்று முடிச்சைப் பார்த்தபடியே கேட்டார்.

"எமீமாள்."

முடிச்சு அவிழ்ந்தது.

ஆடு அவசரப்படவில்லை. நடையை விட்டு இறங்கி, தெரு நடுவில் நடந்து போயிற்று. கயிறு பின்னால் இழுபட்டது. ஜெனிட்டா கயிற்றின் நுனியை மட்டும் எடுத்துப் பிடித்துக்கொண்டு போனாள், இழுக்கவில்லை. நாங்கள் பின்னால் போனோம். குழாயடியில் நின்றவர்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். ராஜபுஷ்பம் அக்கா கையிலிருந்த விளக்குமாறால் காட்டி, "வடக்கு வாசல்ல கலியாணப் பந்தல் கெடக்கு. பெரிய வாசல் வழியா போங்க" என்றாள்.

மணியடிக்கிற பொன்னுதுரை பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தார். ஆடு பாய் விரித்திருந்த நடுவழியாக நடந்து போய், பீடத்துக்கு முன்னால் நற்கருணைக்கு முழங்கால் போடுகிற மரக் கிராதிக்கு அருகில் படுத்துக்கொண்டது.

அதற்குள் தவசிமுத்து வாத்தியார் வந்துவிட்டார். "கோயிலுக்குள்ள ஆடு நிக்கலாமா ஐயரே? கமிட்டியில வைக்காம எப்படி?"

"எனக்கு வந்ததுன்னா எங்க வீட்டுல நிக்கும் வாத்தியாரே."

வாத்தியார் ஆட்டைப் பார்த்தார். ஜெனிட்டாவைப் பார்த்தார். பிறகு பீடத்தைப் பார்த்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றி, வெளியே போய் வைத்துவிட்டு வந்து, ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கனைக்கவில்லை.

ஜெனிட்டா தான் கொண்டுவந்திருந்த குழைகளை ஆட்டின் முன்னால் போட்டாள். ஐயர் தன்னுடையதைப் போட்டார். அது ஒன்றையும் தொடவில்லை. அப்படியே எடுத்துவிடுங்கள், அதற்குக் கொடுக்க வேண்டியவர் கொடுக்கட்டும் என்று ஐயர் சொன்னார். எல்லாவற்றையும் வாரி வெளியே எடுத்தோம். ஒரு சருகு இல்லாமல் பொன்னுதுரை பெருக்கினார். இருட்டுவதற்கு முன் கதவைப் பூட்டி, சாவியை ஜெனிட்டாவிடமே கொடுத்தார்.

அன்று ஐயர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ரசம் மட்டும் போதும் என்றார். பேராயர் அலுவலகத்துக்குப் போவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய வெள்ளை அங்கியை மட்டும் தேய்த்து, கதவுக் கொக்கியில் மாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கு முன்பே போனோம். ஜெனிட்டா சாவியோடு படியில் நின்றாள். ஈரத் தலையோடு, வெள்ளைச் சேலையில். பூட்டைத் திறக்க அவள் கை வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாகத் திருகினோம்.

கிராதியில், ஆட்டின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில், ஒரு குழைக்கட்டு கட்டியிருந்தது. பாதிக்கு மேல் தின்றாகிவிட்டது. மிச்ச இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அகத்தி இல்லை, முருங்கை இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த மரம் கிடையாது. கட்டியிருந்த முடிச்சு, கிணற்றில் வாளி கட்டுகிற சாதாரண முடிச்சுதான். ஆடு படுத்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா முன்னால் போனாள். ஆட்டின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ஆடு அசைபோடுவதை நிறுத்தி, அவள் அழுது முடிக்கும் வரை சும்மா இருந்தது.

"தண்ணி நான் வைக்கேன்" என்றார் பொன்னுதுரை.

சபை வந்து நிறைந்தது. வந்தவர்கள் குழைக்கட்டைப் பார்த்தார்கள், தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர் அங்கியைப் போட்டுக்கொண்டு பீடத்தில் ஏறினார். போன தடவை அவர் கை நின்றுபோன அந்த ஞானஸ்நானத் தொட்டியில் பொன்னுதுரை புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். ஐயர் அதில் கையை விட்டு, "எமீமாள்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு கையை எடுத்துத் துடைத்துவிட்டு, ஆராதனையை ஆரம்பித்தார். குரல் சின்னதாக இருந்தது. ஒலிபெருக்கி கெட்டுப்போயிருந்ததால் முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாட்டு நடக்கும்போது தவசிமுத்து வாத்தியார் எழுந்து வெளியே போனார். பிரசங்கம் நீண்டுவிடும் என்று போகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது வாசிப்பு முடியும்போது திரும்பி வந்தார். கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு, மிகவும் கிழ ஆடு. முடியெல்லாம் நரைத்து, கண்ணில் புரை விழுந்திருந்தது. அதன் கழுத்துக் கயிறு சதையோடு ஒட்டிப்போயிருந்தது. வாத்தியாரின் மூத்த மகன் கல்லூரிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது, நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு. வாத்தியார் அதை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்து, ஜெனிட்டாவின் ஆட்டுக்குப் பக்கத்தில் விட்டார்.

அவர் திரும்பி நடக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ராஜபுஷ்பம் அக்கா எழுந்தாள். லாசருவும் எழுந்தார். பின் வரிசையில் யார் யாரோ எழுந்தார்கள். எல்லோரும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு கயிற்றோடும் ஆட்டோடும் திரும்பி வந்தார்கள்.

ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, முன் பெஞ்சின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். பெஞ்சைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டோம்.

"ஒண்ணோட ஒண்ணு முட்டாம கட்டுங்க" என்றார் பொன்னுதுரை. "ஜன்னல் பக்கம் எடம் இருக்கு."

மறுநாள் காலையில் கிராதியில் கட்டியிருந்த குழைக்கட்டு, அத்தனை ஆடுகளுக்கும் ஏற்றபடி பெரிதாக இருந்தது.